இணைந்த லினோலிக் அமிலம்: நெய்யில் இருப்பதும் கேப்சூலில் இருப்பதும் ஒன்றா?

இணைந்த லினோலிக் அமிலம் என்பது பசு, எருமை, ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளின் பாலிலும் இறைச்சியிலும் சிறிதளவு இயற்கையாகக் காணப்படும் ஒரு கொழுப்பு அமிலமாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது சி.எல்.ஏ. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையவழிக் கடைகளிலும் எடைக் குறைப்புக்கென விற்கப்படும் கேப்சூல்களின் மேலட்டையில் இந்த மூன்று எழுத்துகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நெய்யில் சி.எல்.ஏ. இருப்பதால் நெய் உடலை இளைக்கச் செய்யும், புற்றுநோயைத் தடுக்கும் என்னும் செய்திகளும் கைபேசி வழியாகப் பரவி வருகின்றன.

இவ்விரு கூற்றுகளும் வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல. உண்மையான விலங்கு ஆய்வுகளே அவற்றின் தோற்றுவாய். ஆனால் எலியின் உடலில் கண்டது மனித உடலில் எந்த அளவுக்கு நிகழ்கிறது, ஆய்வில் கொடுக்கப்பட்ட பொருளும் உங்கள் சமையலறையில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்னும் இரண்டு கேள்விகளும் பரப்புரையின் நடுவே காணாமற் போய்விடுகின்றன. நீரிழிவு உள்ளவர்களும், அதன் விளிம்பில் இருப்பவர்களும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் இக்கேள்விகளுக்கான விடையை அறிந்திருப்பது அவசியம்.

ஒரு பெயர், பல பொருள்கள்

சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றில் மிகுதியாக உள்ள லினோலிக் அமிலம் 18 கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரு சங்கிலி. அதன் 9-ஆவது, 12-ஆவது கார்பன்களில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. இந்த அமிலம் நம் உடலுக்கு இன்றியமையாதது. உடலால் இதைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாது.

இணைந்த லினோலிக் அமிலத்திலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. வேறுபாடு அமைப்பில் மட்டுமே. லினோலிக் அமிலத்தில் விலகி நிற்கும் இரட்டைப் பிணைப்புகள் இதில் நெருங்கி வந்து, நடுவில் ஒரேயோர் ஒற்றைப் பிணைப்பை மட்டும் விட்டு நிற்கின்றன. 'இணைந்த' என்னும் அடைமொழி இதனையே குறிக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் எந்தக் கார்பனில் அமைகின்றன, எந்தப் பக்கமாக வளைகின்றன என்பதைப் பொறுத்து 28 வடிவங்கள் வரை சாத்தியமாகின்றன. வேதியியலில் இவை மாற்றியங்கள் எனப்படும். ஆகவே சி.எல்.ஏ. என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர்.

அக்குடும்பத்தில் இரண்டு உறுப்பினர்களை நீங்கள் வேறுபடுத்தி அறிய வேண்டும். முதலாவது, சிஸ்-9, டிரான்ஸ்-11 வடிவம். அசைபோடும் விலங்கின் முன்வயிற்றோடு தொடர்புடையது என்பதால் இதற்கு ருமெனிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. பால் கொழுப்பில் உள்ள மொத்த சி.எல்.ஏ.வில் முக்கால் பங்கிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு வரை இதுவே. இரண்டாவது, டிரான்ஸ்-10, சிஸ்-12 வடிவம். பாலில் இது மிக அரிது.

கேப்சூலின் கதை வேறு. அதில் நிரப்பப்படும் எண்ணெய் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவதில்லை. குசும்பா எண்ணெயைப் போன்று லினோலிக் அமிலம் செறிந்த தாவர எண்ணெயைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கி அதைத் தயாரிக்கிறார்கள். இம்முறையில் மேற்கூறிய இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் உருவாகின்றன. பாலில் அரிதாக இருக்கும் டிரான்ஸ்-10 வடிவம் கேப்சூலில் பாதியாகிவிடுகிறது. மேலட்டையில் ஒரே பெயர் இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்று கருதுவதிலிருந்தே இப்பொருள் குறித்த பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

மாட்டின் முன்வயிற்றில் நிகழ்வது

பசும்புல்லிலும் தீவனப் பயிர்களிலும் லினோலிக், லினோலெனிக் ஆகிய நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் உள்ளன. மாட்டின் முன்வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இவை நஞ்சாக அமைவதால், அவை இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றி இந்த அமிலங்களை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. புல்லைத் தின்னும் மாட்டின் நெய் உறையும் தன்மையுடையதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. லினோலிக் அமிலம் முதலில் ருமெனிக் அமிலமாகவும், பிறகு வாக்சினிக் அமிலமாகவும், கடைசியில் ஸ்டியரிக் அமிலமாகவும் மாறுகிறது. பியூட்டிரிவிப்ரியோ ஃபைப்ரிசால்வென்ஸ் என்னும் முன்வயிற்று பாக்டீரியம் இந்த இடைப்பொருளை உருவாக்குவதை 1960-களின் நடுவில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இடைப்படிகளில் உருவான அமிலங்களில் ஒரு பகுதி கடைசிப் படியை எட்டாமலேயே குடலுக்குத் தப்பிச் சென்று இரத்தத்தில் கலக்கிறது.

எனினும், பாலில் உள்ள ருமெனிக் அமிலத்தின் பெரும்பகுதி முன்வயிற்றிலிருந்து நேரடியாக வருவதில்லை. தப்பி வந்த வாக்சினிக் அமிலத்தை மடியில் உள்ள ஒரு நொதி மீண்டும் ருமெனிக் அமிலமாக மாற்றுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டளவில் இதனை விளக்கினர். மனித உடலிலும் இதே நொதி உண்டு. நாம் உண்ணும் வாக்சினிக் அமிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நம் உடலில் ருமெனிக் அமிலமாக மாறுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

தீவனம் மாறினால் பாலில் உள்ள அளவும் மாறும். வசந்த காலத்தில் மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டபின் வெண்ணெயின் புறஊதா ஒளி உறிஞ்சும் தன்மை கூடுவதை 1935-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கவனித்தார்கள். அந்தத் தன்மைக்குரிய கொழுப்பு அமிலம் எதுவென்று அடையாளம் காணப் பல பத்தாண்டுகள் ஆயின. பொதுவாக ஒரு கிராம் பால் கொழுப்பில் 3 முதல் 6 மில்லிகிராம் வரை சி.எல்.ஏ. இருக்கும். முழுவதும் பசும்புல் மேயும் மாடுகளில் இது 20 மில்லிகிராமைக் கூட எட்டுவதுண்டு. உலர்ந்த வைக்கோலும் அடர்தீவனமும் மட்டும் தின்னும் மாடுகளில் குறைவாகவே இருக்கும். பாலைக் காய்ச்சுவதாலோ, தயிராக்குவதாலோ, வெண்ணெயை நெய்யாக உருக்குவதாலோ கொழுப்பில் உள்ள சி.எல்.ஏ. பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை.

'ஏ2 நெய்யில் சி.எல்.ஏ. அதிகம்' என்னும் விளம்பரத்தை நீங்கள் கண்டிருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா-கேசீன் என்னும் புரதத்தின் ஒரு வகை. நெய்யிலோ புரதம் அநேகமாக இல்லை. சி.எல்.ஏ.வின் அளவைப் பெரிதும் நிர்ணயிப்பது மாடு என்ன தின்றது என்பதே.

பால் கொழுப்பு குறையும்போது

இரு வடிவங்களும் உடலில் எவ்வளவு வேறுபட்டுச் செயல்படுகின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று கறவை மாடுகளிடமிருந்தே கிடைத்தது. கார்னெல் ஆய்வாளர்கள் தூய டிரான்ஸ்-10, சிஸ்-12 வடிவத்தை நாளொன்றுக்கு 10 கிராம் என்னும் அளவில், முன்வயிற்றைத் தாண்டி நேரடியாக மாட்டின் நான்காம் வயிற்றுக்குள் செலுத்தினர். ஒரு சில நாட்களுக்குள் பாலில் சுரக்கும் கொழுப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பாலின் அளவும் புரதமும் பெரிதாக மாறவில்லை. அதே அளவு ருமெனிக் அமிலத்தைச் செலுத்தியபோது கொழுப்பு குறையவே இல்லை. மடியில் கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களின் செயல்பாட்டை முதல் வடிவம் ஒடுக்குவது பின்னர் தெரியவந்தது.

மாடு வளர்ப்போர் இதனை வேறு வகையில் அறிந்திருப்பார்கள். அடர்தீவனம் அதிகமாகி நார்த்தீவனம் குறையும்போது முன்வயிற்றில் அமிலத்தன்மை கூடுகிறது. பாக்டீரியாக்களின் பாதை மாறி, டிரான்ஸ்-10 வகைகள் உருவாகத் தொடங்குகின்றன. பால் குறையாமலேயே கொழுப்பு மட்டும் இறங்குகிறது. கொழுப்பின் அளவைப் பார்த்து விலை தரும் சங்கத்தில் பால் ஊற்றுபவருக்கு அது நேரடி வருமான இழப்பு. பசுந்தீவனத்தையும் வைக்கோலையும் போதிய அளவு கொடுப்பதே இதற்குரிய முதல் மருந்து.

விலங்கு ஆய்வுகள் சொன்னவை

சி.எல்.ஏ. உலகின் கவனத்தை ஈர்த்தது தற்செயலாகத்தான். 1970-களின் இறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசா என்னும் ஆய்வாளர், சுட்ட மாட்டிறைச்சியில் மரபணுக்களைச் சேதப்படுத்தும் பொருள்கள் உருவாகின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தார். அத்தகைய பொருள்களுடன், அவற்றின் வேலையைத் தடுக்கும் ஏதோ ஒன்றும் இறைச்சிச் சாற்றில் இருப்பதைக் கண்டார். எலிகளின் தோலில் வேதிப்பொருளால் தூண்டப்பட்ட கட்டிகளை அது குறைத்தது. அப்பொருள் இணைந்த லினோலிக் அமிலமே என 1987-இல் அவர் குழு அறிவித்தது.

பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், மார்பகக் கட்டிகள் தூண்டப்பட்ட எலிகளின் உணவில் 0.5 முதல் 1.5 விழுக்காடு வரை சி.எல்.ஏ. சேர்த்துப் பார்த்தனர். கட்டிகள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல் வரை குறைந்தன. 'நெய் புற்றுநோயைத் தடுக்கும்' என்னும் செய்தியின் வேர் இத்தகைய ஆய்வுகளில்தான் உள்ளது. ஆனால் அதே வரிசையில் வந்த இன்னோர் ஆய்வு அச்செய்திகளில் இடம்பெறுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குரிய ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு டிரான்ஸ்-10 வடிவத்தைக் கொடுத்தபோது, கட்டி குறையவில்லை. அதன் வளர்ச்சி விரைவுபட்டது. ருமெனிக் அமிலத்துக்கு அந்த விளைவு இல்லை.

எடைக் குறைப்புக் கதை கோழிக் குஞ்சுகளிடமிருந்து தொடங்குகிறது. குஞ்சுகளுக்கு பாக்டீரிய நச்சுப் பொருளை ஊசியால் செலுத்தினால் அவை உணவைக் குறைத்து வளர்ச்சி குன்றும். உணவில் சி.எல்.ஏ. சேர்க்கப்பட்ட குஞ்சுகள் அவ்வாறு குன்றவில்லை என 1993-இல் வெளியிடப்பட்டது. தசை இழப்பைத் தடுக்கும் பொருள் கொழுப்பைக் குறைக்கவும் கூடுமோ என்ற கேள்வி எழுந்தது. 1997-இல் வெளியான ஆய்வில், 0.5 விழுக்காடு சி.எல்.ஏ. கலந்த உணவை ஏறத்தாழ ஒரு மாதம் தின்ற சுண்டெலிகளின் உடல் கொழுப்பு, மற்றச் சுண்டெலிகளைவிட 60 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்திருந்தது. உலகெங்கும் கேப்சூல்கள் விற்பனைக்கு வரத் துணை நின்றவை இத்தகைய எண்களே.

அதே சுண்டெலிகளின் கல்லீரலைப் பார்த்தவர்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், 1 விழுக்காடு சி.எல்.ஏ. தின்ற சுண்டெலிகளில் கொழுப்புத் திசு பெருமளவு அழிந்ததையும், கல்லீரல் கொழுப்பேறி வீங்கியதையும், இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்ததையும் பதிவு செய்தனர். கொழுப்பைச் சேமிக்கும் இடம் அழிந்துவிட்டால், கொழுப்பு மறைந்துபோவதில்லை. தங்கக் கூடாத இடத்தில் போய்த் தங்குகிறது. மெலிந்த அந்தச் சுண்டெலி நலமான சுண்டெலி அன்று.

விலங்குக்கு விலங்கு விளைவு மாறுவதும் கவனிக்கத்தக்கது. சுண்டெலிகளில் காணும் கடுமையான கொழுப்பு இழப்பு எலிகளிலும் பன்றிகளிலும் மிகவும் மிதமாகவே உள்ளது. முயல்களின் இரத்தக் குழாய்ப் படிவுகளைச் சி.எல்.ஏ. குறைத்தது, சுண்டெலிகளில் ஓர் இனத்தில் அதே படிவுகளை அது கூட்டியது. முட்டைக் கோழிகளின் தீவனத்தில் சி.எல்.ஏ. சேர்த்தபோது மஞ்சள் கருவில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்து, முட்டைகள் குஞ்சு பொரிக்கும் திறனை இழந்தன. தீவனத்தில் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்தபோது அந்தக் கேடு தடுக்கப்பட்டது. ஒரே பொருள், உடனிருக்கும் மற்றக் கொழுப்புகளைப் பொறுத்தும்கூட வேறுவேறு விதமாக நடந்துகொள்கிறது.

மனிதரிடம் கண்டது என்ன?

மனித ஆய்வுகளில் பொதுவாக நாளொன்றுக்கு 3 முதல் 3.5 கிராம் வரை, இரு வடிவங்களும் கலந்த சி.எல்.ஏ. கொடுக்கப்பட்டது. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாளொன்றுக்கு 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு, போலி மருந்து எடுத்தவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நடந்த ஆய்வுகளை மட்டும் 2012-இல் தொகுத்தபோது, இரு குழுக்களுக்கும் இடையிலான உடல் எடை வேறுபாடு 0.7 கிலோ மட்டுமே. கொழுப்பில் வேறுபாடு 1.3 கிலோ. ஆறு மாதம் கேப்சூல் விழுங்கியதன் பயன் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. நலம் சார்ந்த பயன் என்று சொல்லத்தக்க அளவு அதுவன்று என்பதே அந்தத் தொகுப்பின் முடிவு.

சுண்டெலியில் பெரிதாகவும் மனிதரில் சிறிதாகவும் தெரிவதற்கு அளவும் ஒரு காரணம். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் உணவு தின்னும். அதில் 0.5 விழுக்காடு என்றால் 20 மில்லிகிராம். அதாவது, உடல் எடையில் கிலோவுக்கு 800 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 3.2 கிராம் எடுத்தால் கிலோவுக்கு 46 மில்லிகிராம்தான் ஆகிறது. சிறு விலங்குகளின் உடல் வேகமாக இயங்குவதால் இந்த ஒப்பீட்டை அப்படியே கொள்ள முடியாது. ஆயினும் இடைவெளியின் பெருமை புலப்படும்.

பயன் சிறிதென்றால் தீங்கும் சிறிதாகத்தானே இருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். அங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுவீடனின் உப்சாலாவில் வயிற்றுப் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் கொண்ட 60 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2002-இல் வெளியானது. 12 வாரங்கள், நாளொன்றுக்கு 3.4 கிராம். தூய டிரான்ஸ்-10 வடிவத்தை எடுத்தவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் குறைந்தது. இரத்தச் சர்க்கரை உயர்ந்தது. செல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் காட்டும் குறியீடுகளும் கூடின. எல்லா ஆய்வுகளும் இதையே காட்டவில்லை என்பது உண்மை. ஆனால், இடுப்புச் சுற்றளவு கூடி, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்று, எடையைக் குறைக்க ஏதேனும் கிடைக்காதா என்று தேடுபவரே கேப்சூல் கடைக்கு முதலில் செல்பவர். அந்த ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களும் அவரைப் போன்றவர்களே. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாதவர்களும் அவர்களுள் பலர்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சி.எல்.ஏ. செறிந்த எண்ணெய்களை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு 3 முதல் 3.5 கிராம் வரை, ஆறு மாதம் வரை எடுப்பது பாதுகாப்பானது என்று அது கூறியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்றும் தெரிவித்தது. விளம்பரங்கள் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதுண்டு.

இரத்தக் கொழுப்பின் மீதும் விளைவு உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெரும்பாலும் ருமெனிக் அமிலம் கொண்ட சி.எல்.ஏ.வை உணவு ஆற்றலில் 9 விழுக்காடு என்னும் மிகப் பெரிய அளவில் மூன்று வாரம் கொடுத்தபோது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கூடியது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைந்தது. உணவின் மூலம் யாரும் அவ்வளவு உட்கொள்வதில்லை. எனினும் இயற்கையில் கிடைக்கும் வடிவம் எவ்வளவு உண்டாலும் தீங்கற்றது என்ற எண்ணத்துக்கு இது மறுமொழி.

தாய்ப்பால் கொடுக்கும் பெண்களிடம் நடந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், கலப்பு சி.எல்.ஏ. எடுத்த நாட்களில் தாய்ப்பாலின் கொழுப்பு குறைந்தது. பசுவின் மடியில் கண்டதை நினைவுகூர்ந்தால் இது வியப்பளிக்காது. குழந்தைக்குப் பாலிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. பிரசவத்துக்குப் பின் எடையைக் குறைக்க விரும்பும் தாய்மார்கள் இந்தக் கேப்சூல்களைத் தவிர்க்க வேண்டும்.

வயிற்றுப் பொருமல், குமட்டல், பேதி ஆகியவை பொதுவாகக் காணப்படும் பக்க விளைவுகள். கேப்சூல் எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகத் தனித்தனி மருத்துவ அறிக்கைகளும் உள்ளன.

புற்றுநோயைப் பொறுத்தவரை, மக்கள்தொகை ஆய்வுகள் ஒரே திசையில் நிற்கவில்லை. பின்லாந்தில் ஓர் ஆய்வு, சி.எல்.ஏ. அதிகம் உட்கொண்ட, மாதவிடாய் நின்ற பெண்களில் மார்பகப் புற்றுநோய் குறைவாகக் கண்டது. நெதர்லாந்தின் பெரிய ஆய்வு அத்தகைய பாதுகாப்பைக் காணவில்லை. சற்று எதிர்த்திசையிலேயே கண்டது. சுவீடனில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு நற்குறி தென்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்குத் தொடர்பு தென்படவில்லை. மனிதருக்குச் சி.எல்.ஏ. புற்றுநோயைத் தடுக்கிறது அல்லது குணப்படுத்துகிறது என்பதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. சிகிச்சையில் உள்ளவர்கள் இதனை நம்பி மருந்தை நிறுத்துவதோ தள்ளிப்போடுவதோ கூடாது.

அப்படியானால் நெய்?

ஒரு தேக்கரண்டி நெய் ஏறத்தாழ 5 கிராம். கிராமுக்கு 5 மில்லிகிராம் என்று கொண்டால், அதில் உள்ள சி.எல்.ஏ. 25 மில்லிகிராம். ஆய்வுகளில் தரப்பட்ட 3 கிராமை நெய்யிலிருந்து பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு 600 கிராம் நெய் உண்ண வேண்டும். அதன் ஆற்றல் 5,000 கலோரிக்கும் மேல். அப்போதும் கிடைப்பது பெரும்பாலும் ருமெனிக் அமிலமே; சுண்டெலிகளின் கொழுப்பைக் கரைத்த டிரான்ஸ்-10 வடிவம் அன்று. ஆகவே, நெய்யில் உள்ள சி.எல்.ஏ. உங்கள் எடையைக் குறைக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை.

நெய்யின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. நாளாந்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 22 கிராம். பால், இறைச்சி, தேங்காய், பலகாரம் அனைத்திலிருந்தும் வருவதைச் சேர்த்துத்தான். சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் இந்த வரம்புக்குள் இடம்பெறலாம். சுவைக்காகவும் பழக்கத்துக்காகவும் அதை உண்ணுங்கள். மருந்தென்று எண்ணி இரண்டை நான்காக்க வேண்டாம்.

பாலும் இறைச்சியும் உண்ணாதவர்கள் எதையேனும் இழக்கிறார்களா என்ற கேள்வியும் எழுகிறது. சி.எல்.ஏ. இன்றியமையாத ஊட்டச்சத்து அன்று. அதன் குறைபாட்டால் வரும் நோய் எதுவும் இல்லை. தாவர எண்ணெய்களில் உள்ள சாதாரண லினோலிக் அமிலமே உடலுக்குத் தேவையானது.

டிரான்ஸ் கொழுப்பு என்னும் சொல்லும் சிலரைக் குழப்புகிறது. சி.எல்.ஏ.வின் பெயரிலேயே 'டிரான்ஸ்' இருந்தாலும், கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர விதிகள் இணைந்த இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களை டிரான்ஸ் கொழுப்பின் வரையறையில் சேர்ப்பதில்லை. வனஸ்பதி போன்ற, தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பைக் குறைப்பதே விதிகளின் முதன்மை நோக்கம். இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் வரம்பு 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடு. எனவே 'டிரான்ஸ் கொழுப்பு: 0' என்று எழுதப்பட்ட புட்டியிலும் சி.எல்.ஏ. இருக்கலாம். அது பிழையன்று, ஆனால் மேலே சொன்ன எச்சரிக்கைகளிலிருந்து விலக்கும் அன்று.

நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால்

மேலட்டையில் மொத்தச் சி.எல்.ஏ.வின் அளவுடன் இரு வடிவங்களின் விகிதமும் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மூலப்பொருள் குசும்பா எண்ணெய் என்றிருந்தால், விகிதம் எழுதப்படாவிட்டாலும் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்றே கொள்ளலாம். ஒரே கேப்சூலில் பச்சைத் தேயிலைச் சாறு முதலிய வேறு பொருள்களும் கலந்திருப்பதுண்டு. அவற்றின் விளைவு தனி.

நீரிழிவு, கொழுப்பேறிய கல்லீரல், இதய நோய் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தாலோ, நீங்கள் கருவுற்றிருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ இதனை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்கும்போது, ஊட்டப் பொருள்தானே என்று எண்ணி இதைச் சொல்லாமல் விடாதீர்கள். முடிந்தால் புட்டியையே எடுத்துச் செல்லுங்கள். மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் கல்லீரல் நொதிப் பரிசோதனையும் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமஞ்சளாதல், பசியின்மையுடன் கூடிய கடும் சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் கேப்சூலை உடனே நிறுத்தி, அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள்.